வெறுங்கூடையோடு மேடேறிய அம்மா

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே எழுதுவேன், சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் டாக்டரம்மா ஒருவர் சொன்ன பேச்சால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். மெயின்லேண்டில், அதுதான் தமிழ்நாட்டில், கொஞ்ச நாள் முகாமில் கிடந்துவிட்டுக் கப்பலேறி அந்தமானுக்கு வந்தோம். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. வண்டூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு வாச்மேன் வேலை கிடைத்தது. ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கிற கொட்டகைக்குக் காவல். சாயங்காலம் பூட்டிவிட்டு நாலு எட்டு வைப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். மூன்று தடவை, நாலு தடவை நடக்கும். நானும் அக்காவும் விரல் விட்டு எண்ணிச் சிரிப்போம். எவ்வளவு பொறுப்பான அப்பா என்று உள்ளுக்குள் பெருமையும் உண்டு.

கூட வந்த பெண்களெல்லாம் ரப்பர் பால் எடுக்கப் போனார்கள். அம்மாவை மட்டும் அப்பா விடவில்லை. பத்து வயதிலிருந்து தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறியவள். அக்கரைக்குப் போனதும் உன்னை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். சொன்னபடியே ஒரு மர நாற்காலி செய்யச் சொல்லி வாசலில் கொண்டுவந்து போட்டார். பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா போகும்போதும் வரும்போதும், "தீதி, தும் தோ ரானி ஹோ" என்பார். நீ ராணியாயிற்றே என்று அர்த்தம். அம்மாவும் சிரித்து வைப்பாள். தண்ணீர்கூட நாங்கள்தான் தூக்கினோம்.

நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, அம்மாவுக்கு நடுக்கம் வந்தது. ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்டால் போதும். கை உதறும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும்.

"பேர் வாசிக்க வந்துட்டாங்க புள்ள. மூட்டையக் கட்டு" என்பாள்.

அங்கே அப்படித்தான் பேர் வாசித்து எங்களைக் கிளப்பினார்கள். இங்கே ஜீப்பில் வந்தவர் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவராக இருப்பார். சொன்னாலும் அம்மாவின் கை கேட்காது.

கம்பவுண்டர் வந்து பார்த்து, வியாதி ஒன்றுமில்லை, ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார். அப்பா இன்னும் ரெஸ்ட் கொடுத்தார். அடுப்படிக்குப் போவதும் நின்றது. நடுக்கம் கூடியதுதான் மிச்சம். அடுத்த கப்பலில் மெயின்லேண்டில் இருக்கிற மாமா வீட்டுக்கு அம்மாவை அனுப்புவது என்று முடிவாயிற்று. டிக்கெட்டும் வந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். போனால் எப்போது வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அந்தப் படத்தைக் கும்பிடவில்லை.

ஒருநாள் காலையில் அப்பா கொட்டகை திறக்கப் போன பிறகு பார்த்தால் அம்மாவைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் காடு வெட்டிய மேடு ஒன்று உண்டு. அங்கே ஓடினேன். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவள்போல இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகில் கூடையைப் போட்டபடி, விறுவிறுவென்று மேடேறிக்கொண்டிருந்தாள். சட்டி பானையைப் போட்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்த அதே கூடை. உச்சிக்குப் போனாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். வேர்வை வழிந்தது. கிட்டே வந்ததும் எட்டிப் பார்த்தேன். கூடையில் ஒன்றுமில்லை.

"என்னாம்மா எடுக்கப் போற?"

"ஒண்ணும் எடுக்கல."

"அப்ப கூடை எதுக்கு?"

"கூடை இல்லாம ஏறுனா காலுக்கு வழி தெரியல புள்ள. அப்பாகிட்ட சொல்லிப்புடாத."

அன்றைக்கே சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பயம் எனக்கு. அப்பா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. முகம் இருண்டுபோய், கூடையை எடுத்து உத்திரத்தில் கட்டினார்.

"பொண்டாட்டிய வெறுங்கூடையோட மேடேற விட்டிருக்கான்னு நாலு பேரு சிரிக்கவா?"

அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜீப் வந்தது. அன்றுபோல அம்மா நடுங்கி நான் பார்த்ததில்லை. பல் அடித்துக்கொண்டது. அப்பா ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்தார். நான்கு கைகளும் சேர்ந்து ஆடின. பெங்காலி அக்கா, "லிட்டா தோ, லிட்டா தோ" என்றார். படுக்க வை என்று. சொன்னது நான்தானே, அதனால்தானே கூடை போயிற்று. அந்த நாற்காலியையே இழுத்துப் போட்டு ஏறி, கயிற்றை அறுத்துக் கூடையைக் கீழே தள்ளினேன். அது உருண்டுபோய் அம்மா காலடியில் நின்றது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து கூடையை நிமிர்த்தி வைத்தார்.

"சரி, போ. நானும் வாரேன்."

நானும் அக்காவும் கீழே நின்று எண்ணினோம். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அம்மா உச்சியில் திரும்பி நின்று, பாதி வழியில் இளைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணியைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னாள்.

"கங்காணியாரே, நீங்க வந்து சேர்றதுக்குள்ள கொழுந்து வாடிப் போயிரும்."

அப்பா சிரித்தார். தீவுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். இறங்கி வந்து அம்மா தேத்தண்ணி கேட்டாள். கிளாஸை அவள் கையில் கொடுத்துவிட்டு அதையே பார்த்தேன். தேத்தண்ணி ஆடவில்லை.

கப்பல் அம்மா இல்லாமல் போயிற்று. நடுக்கம் ஒரேயடியாக ஓடிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஜீப் சத்தம் கேட்டால் முகம் மாறும். உடனே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அடுத்த வருஷம் ரப்பர் பால் எடுக்கவும் சேர்ந்தாள். மரம் மரமாக அவள் போகிற வேகத்தைப் பார்க்கத் தோட்டத்துக்கு வெளியிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்றார்கள். நாற்காலியில் கோழி உட்கார்ந்தது. விடிந்ததும் அம்மா மேடேறுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அப்பாவும் ஒருநாள் தவறாமல் பின்னால் போனார். அம்மாவுக்குக் காவல் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு அந்த வியாதி. போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் மகள் கூட்டிப்போன டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் நல்லாருக்குமா. மனசுப் பதற்றம்தான். தினமும் கை வீசி வேகமா நடங்க, மெல்லக் குறையும்" என்றார். மகள் அதிசயமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்குக் கூச்சம். ஒரு எழுத்தும் படிக்காத என் அம்மா அதைத் தானே கண்டுபிடித்து, புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நடந்தே காட்டினாளே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று வீடு வந்து சேர்ந்த பிறகு நினைவு வந்தது. அப்பா மேடேற ஆரம்பித்த பிறகு கொட்டகைப் பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்ப்பார். புதுப் பூட்டு மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

நடு அந்தமானில் ரங்கத் ஊரில் இருக்கிற அக்கா இதைப் படித்தால், வயது, ஊர், எத்தனை தடவை ஏறினார்கள் என்பதையெல்லாம் சரிபார்த்துத் திருத்தட்டும். முக்கியமாக அந்தப் பூட்டு. அதை யாராவது மாற்றினார்களா, இல்லை கடைசிவரை அதே பழைய பூட்டுத்தானா?