பீலிச் சேற்றில் வண்ணத்துப்பூச்சி

பழனியாண்டிக்கு லயத்தில் யாரோடும் ஆகாது. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் அவர் சண்டை போட்டிருக்கிறார், தன் வீட்டையும் சேர்த்து.

வயது ஐம்பத்திரண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கிற முற்பகலில் அவர் தூங்கி எழுந்து வீட்டில் இருப்பார். வேலை தேடிக்கொண்டிருந்த நானும் மூன்று வீடு தள்ளி இருப்பேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

போன வருடம் பழனியாண்டி நோர்வூட் டவுனில் லாபிர் நானாவின் கடையில் பழைய போன் ஒன்று வாங்கினார். கமெரா வேலை செய்கிறதா என்று பார்க்க, நானா மேசையில் இருந்த பிளாஸ்டிக் ரோசாவைக் காட்டினார். படம் பளிச்சென்று விழுந்தது. வீட்டுக்கு வந்து தன் வீட்டுத் தோட்டத்து டேலியாவை எடுத்தார். கலங்கல். இன்னொன்று எடுத்தார். அதுவும் கலங்கல்.

"பிளாஸ்டிக்கு நல்லா விழுது! தண்ணி ஊத்தி வளத்த நீ விழமாட்டியா?" என்று பூவைப் பார்த்துக் கத்தினார்.

படம் எடுக்கும் பழக்கம் அவருக்கு அப்படித்தான் தொடங்கியது. ஆசையில் அல்ல, வன்மத்தில்.

காற்று நின்ற பிறகு எடுக்க வேண்டும், தன் நிழல் பூவின் மேல் விழக்கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆனது. பிறகு வண்ணத்துப்பூச்சிகள் மேல் பகை திரும்பியது. அவை பூவில் நிற்பதில்லை. சேற்றில் நிற்கும். மலையிலிருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீரில்தான் லயமே குளிக்கும், துவைக்கும். சவர்க்காரத் தண்ணீர் வழிந்து அவர் தோட்டத்து ஓரத்தில் தேங்கும். பத்து மணி வெயில் அந்த ஈரத்தில் விழும்போது, நீல நிறத்தில் ஏழெட்டு வந்து வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சும். பழனியாண்டி சேற்றில் குப்புறப் படுத்து, "சனியனே, றெக்கைய விரிச்சுத் தொலை" என்று முணுமுணுப்பார்.

எட்டாம் வீட்டு நாகலெட்சுமி இடுப்பு வலியால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி வேலையிலிருந்து நின்றவர். ஆளில்லாத நேரம் பார்த்துக் குளிக்க வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றியவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பத்தடி தூரத்தில் பழனியாண்டி படுத்திருந்தார். போன் பீலியைப் பார்த்து இருந்தது.

அன்று மாலை லயத்து வாசலில் கூட்டம். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நடுவில் நின்றார்.

"பொம்பள குளிக்கிற எடத்துல ஒனக்கு என்னய்யா வேல?"

"பூச்சி எடுத்தேன்."

"பூச்சி எடுக்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திர குடுப்பாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

தலைவர் போனைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ படிச்ச புள்ள. பாத்துச் சொல்லு."

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். பாதி கலங்கல். டேலியா, செவ்வந்தி, இலை, அவருடைய சொந்தக் கட்டைவிரல். என் தோளுக்கு மேல் லயமே எட்டிப் பார்த்தது. கடைசிக்கு முந்தைய படத்தில் ஒரு நீலப் பூச்சி. றெக்கையின் ஓரத்துப் புள்ளிகளை எண்ணலாம், அத்தனை தெளிவு. அதற்குப் பின்னால், மேலே, சிவப்பாக ஒரு கலங்கல்.

"அது என் பாவாட!" என்றார் நாகலெட்சுமி.

"முகம் தெரியல," என்றேன். எனக்கு மட்டும் கேட்டது.

"பூச்சிக்குப் பின்னாடி நீ வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று பழனியாண்டி சீறினார்.

"நாளைக்கு இந்தப் போன் தொலஞ்சு போனா என் படம் எவன் கையில கெடக்கும்? சொல்லுய்யா."

பழனியாண்டி என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த ஒரு படத்தை எல்லோரும் பார்க்க அழித்தார். அவர் எடுத்ததில் ஒழுங்காக விழுந்த பூச்சி அது ஒன்றுதான்.

"எல்லாத்தையும் அழி. போனக் குடு," என்றார் தலைவர்.

"மத்தது என் பூ. எவளும் அதுல இல்ல. அழிக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். இல்லாட்டி பொலிசு."

அடுத்த நாளிலிருந்து மலையில் பெண்கள் அவர் மனைவி பூரணிக்குப் பக்கத்து நிரையில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பூரணி சோற்றுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தது என் வீடு வரை கேட்டது. "நான் தனியா நிக்கிறேன் மலையில. போனா, நானா? நீங்களே சொல்லுங்க."

ஞாயிறு காலை பழனியாண்டி தன் ஆட்டுக் கொட்டிலின் தகரங்களைக் கழற்றினார். பீலியைச் சுற்றிக் கம்பு நட்டு அடிக்கத் தொடங்கினார். யாரும் கை கொடுக்கவில்லை. நானும்தான்.

தலைவர் ஓடி வந்தார். "தோட்டத்துத் தொரகிட்ட கேக்காம என்னய்யா இது?"

"மறைப்புக் கட்டித் தாங்கன்னு இவளுக கேட்டு எத்தன வருசம்? குடுத்தாங்களா? நீ வாங்கிக் குடுத்தியா?" வாயில் இருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார். "இனி எவளும் என் கண்ணுல பட வேணாம். என் தோட்டத்துல நான் எப்படி வேணும்னாலும் படுப்பேன். படத்தப் பத்தி இனி எவனும் பேசக்கூடாது."

தலைவர் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பொலிஸ் வரவில்லை.

கிழக்குப் பக்கத்துத் தகரத்தை அடிக்கும்போது மட்டும் சுத்தியல் நின்றது. நிழல் சேற்றின் மேல் முழுதாக விழுந்திருந்தது. வெயில் இல்லாத ஈரத்தில் வண்ணத்துப்பூச்சி உட்காராது. மூன்று மாதம் அங்கே படுத்துக் கிடந்தவருக்கு அது தெரியாதா? வாயிலிருந்து அடுத்த ஆணியை எடுத்தார். பிறகு அடித்தார்.

இப்போது பெண்கள் எந்த நேரமும் நிம்மதியாகக் குளிக்கிறார்கள். உள்ளே பாட்டும் கேட்கிறது. பூரணிக்குப் பக்கத்து நிரையில் ஆள் நிற்கிறது. பழனியாண்டியோடு மட்டும் யாரும் பேசுவதில்லை. அவருடைய ஆடுகள் வாசலில் நனைகின்றன. அதற்கும் பக்கத்து வீட்டோடு ஒரு சண்டை நடக்கிறது.

நேற்று டேலியாவின் முன்னால் குந்தியிருந்தார். தகரத்துக்குள்ளிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது.

"எந்தக் கண்ணு தெரியாதவன் அடிச்ச ஆணியோ, முதுகக் கிழிக்குது!"

பழனியாண்டி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கிழிக்கட்டும்," என்றார்.