பத்து எண்ணுவதற்குள்

ஐந்தாம் படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடுகிறாள். பம்ப் அறை ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் தம்ளர், முக்கால் வரை தண்ணீர். குனிந்து, மூச்சை அடக்கித் தண்ணீரையே பார்க்கிறாள். அசையவில்லை. "சரி, தலைதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி படியேறுகிறாள். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

நாலு மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் எல்லாம். படிக்கட்டைப் பெருக்குவாள், பம்ப் போடுவாள், வால்வு திருப்புவாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது. தம்ளரம்மா என்றால் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரை உலுக்கிய பூகம்பம் மற்றவர்களுக்கு அன்றோடு நின்றுவிட்டது. இவளுக்கு நிற்கவில்லை. நின்றால் ஆடுகிறது, உட்கார்ந்தால் ஆடுகிறது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆட்டம் பூமியில் இல்லை, காதுக்குள் என்றார். "பூமி எப்படி டாக்டர் காதுக்குள்ள போச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவள் மாமனாரின் தங்கைக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் சுற்றியதாம்; ஆனால் அது மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்ததால் சுற்றியது. இது வேறு. அதனால்தான் அவளாகவே இந்தத் தம்ளரைக் கண்டுபிடித்தாள். தண்ணீர் ஆடினால் பூமி. ஆடாவிட்டால் தலை.

பூகம்பத்துக்குப் பிறகு அரசாங்க ஆட்கள் வந்து பம்ப் அறையில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அந்த அறை வாசலிலேயே கையால் சுற்றும் சைரன் ஒன்றையும் நிறுத்தினார்கள். பூமி எங்கோ தொலைவில் உடையும்போதே பெட்டிக்குச் சேதி வந்துவிடும், அது கத்தும், கத்தியதும் சைரனைச் சுற்ற வேண்டும், பத்து எண்ணுவதற்குள் ஆட்டம் இங்கே வந்துவிடும் என்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் மூன்று தடவை விளக்கினாள். தம்ளரம்மா மூன்று தடவையும் தலையாட்டினாள்.

அந்தப் பத்து எண்ணிக்கை வேறு யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, மூன்றாம் மாடியில் இருக்கும் அவள் நாத்தனாருக்குக் கட்டாயம் வேண்டும். கணவனின் அக்கா. எழுபது வயது, இரண்டு முட்டியும் போயாச்சு. தம்பி போனபின் தம்பி பெண்டாட்டியைக் கைவிடாமல் தன்னோடு வைத்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். வெளிச்சத்துக்காக நாளெல்லாம் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறாள். ஜன்னலிலிருந்து மேசைக்கு அடியில் போக எவ்வளவு நேரமாகும் என்று எண்ணியே பார்த்திருக்கிறாள். "எட்டு எண்ணினா நான் உள்ள. மிச்சம் ரெண்டுல புடவையைச் சரி பண்ணிக்கலாம்."

தம்ளரம்மாவின் ஏற்பாடுகள் இன்னும் உண்டு. உடைந்த கண்ணாடியை மிதிக்காமல் இருக்கக் கட்டில் காலில் செருப்பைக் கட்டி வைத்திருப்பாள். அவசரப் பையில் டார்ச், மாத்திரை, பிஸ்கட். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் பிஸ்கட் மட்டும் குறைந்திருக்கும். நாத்தனாரைக் கேட்டால், "பூகம்பம் என்னிக்கோ வரும். பசி இப்பவே வந்துருச்சே!" என்பாள்.

முதல் வருஷத்தில் பெட்டி கத்தாமலே, தன் தலையை நம்பி மூன்று தடவை சைரனைச் சுற்றிவிட்டாள். பாதிப் பேர் குளியலறைச் சோப்போடு இறங்கி வந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். "ஏம்மா, ஸ்டாப்பிங்கே வரலை, அதுக்குள்ள விசில் அடிக்கிறியே!" என்றார். அன்றிலிருந்து தம்ளரைக் கேட்காமல் கைப்பிடியைச் சுற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் பெட்டி கத்தியது. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பழக்கதோஷம், கண் தம்ளருக்குப் போனது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. 'அட பாவமே, இதுக்கும் என்னை மாதிரியே தலை சுத்துது போல' என்று நினைத்து, கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டுக்குக் கை தூக்கும்போது தண்ணீர் தம்ளரை விட்டுத் துள்ளியது. கட்டடம் உதறியது. மேலே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. நாத்தனாரின் முழங்கையில் ஏழு தையல்.

"பெட்டி முன்னாடி கத்தும், தண்ணி பின்னாடிதானேம்மா ஆடும்? வண்டி மோதினப்புறம் ஹாரன் அடிச்சு யாருக்கு என்ன லாபம்?" என்றார் கண்டக்டர். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும்தான் குழப்பம் கூடியது. தண்ணீர் அசையவில்லை என்றால் ஆட்டம் இல்லையா, இனிமேல்தான் வருமா? தலை ஆடினால் அது வந்து போனதா, வரப்போவதா? நாத்தனாருக்குக் கட்டு மாற்றும்போது கேட்டாள்.

"அக்கா, தண்ணி அசையலைன்னா என்ன அர்த்தம்?"

"தண்ணி அசையலைன்னு அர்த்தம். போய் பம்ப் போடு, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல."

சைரன் சுற்றும் பொறுப்பைக் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. நாத்தனார் கட்டுப்போட்ட கையோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள். "அவர் மத்தியானம் கடையைச் சாத்திட்டுத் தூங்குவார். இவ என்னிக்குத் தூங்கியிருக்கா? இவளே சுத்தட்டும்" என்றாள். இன்னொரு தடவை கோட்டை விட்டால் கட்டாயம் கை மாறும் என்று கண்டக்டர் எழுதி வைத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பெட்டி மறுபடி கத்தியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தம்ளரைப் பார்த்தாள். அசைவில்லை. காலடியில் தரை கெட்டியாக இருந்தது. அதிசயமாகத் தலைகூடச் சுற்றவில்லை. எல்லாம் சேர்ந்து இல்லை இல்லை என்றன; பெட்டி ஒன்றுதான் உண்டு என்றது. அவள் வாசலுக்குப் பாய்ந்து சைரனைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒரு இலைகூட ஆடவில்லை.

"எங்கம்மா ஆட்டம்?" என்றார் கண்டக்டர்.

"தெரியலையே."

"அப்ப நிறுத்தேன்!"

"நிறுத்தலாமான்னும் தெரியலையே, சார்!"

மூன்றாம் மாடியில் புதுக் கண்ணாடி போட்ட ஜன்னல் திறந்தது. நாத்தனார் கழுத்தை வெளியே நீட்டி, சைரனை மிஞ்சிக் கத்தினாள்: "ஏண்டி, வந்துருச்சா, போயிருச்சா?"

தம்ளரம்மா வலது கையால் சுற்றுவதை நிறுத்தாமல், இடது கையை உயரத் தூக்கி, உள்ளே போ, உள்ளே போ என்று காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.