சுவருக்கு அந்தப் பக்கத்துக் கைப்பிடி

கண்டி நகரத்தில் எஞ்சின் மத்தியாஸைத் தெரியாதவர்கள் குறைவு. அப்படி யாராவது இருந்தால் அவரே போய்த் தன்னைத் தெரியப்படுத்திவிடுவார். கொழும்பில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பழகியவர். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், கண்டிக்கு ரயில் ஏறி வந்ததே அவர் பின்னால் நின்று தள்ளியதால்தான் என்று தோன்றும். வெயிலோ மழையோ, கறுத்தக் கோட்டுப் போடாமல் படி இறங்கமாட்டார். மீசையை முறுக்கி விட்டிருப்பார். விழுந்தாலும் அந்த மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற ரகம். "இந்த மனுசன் வாயில 'நான் செஞ்சது பிழை'ன்னு ஒரு சொல் வந்தா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறேன்" என்பாள் மனைவி டொரதி. அந்தோனியார் நெடுநாள் காத்திருந்தார்.

மலையெல்லாம் காப்பி காய்த்துக் குலுங்கிய காலம் அது. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் விளைச்சல் பெருகிப்போனது. ஓடைத் தண்ணீரில் சுற்றிய பழைய சக்கரம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்தாக வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நீராவி எஞ்சின் வாங்கினார். அது கம்பளை வரை ரயிலிலும், அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்து சேர்ந்தது. அதை உரிக்கும் மெசினோடு பொருத்தி, அப்படியே எஞ்சின்காரராக இருந்து ஓட்டவும் மத்தியாஸைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டியை விட்டு இறங்கியபோது, வந்தது எஞ்சினா மாப்பிள்ளையா என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்த தோட்டப் பெண்கள் சிரித்தார்கள்.

எஞ்சினும் மெசினும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் நடுவில் ஒரு கல் சுவர் உண்டு. நெருப்பும் கரியும் காப்பிக்கு ஆகாது. சுவரில் ஒரு துளை. எஞ்சினின் இரும்புத் தண்டு அதன் வழியாக வந்து மெசினின் தண்டைச் சந்திக்க வேண்டும். தண்டுகள் ஒரே நேரில் நிற்காவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். மத்தியாஸ் நூல் பிடித்துப் பார்த்தார். எஞ்சினின் அடியில் தகரத் துண்டு செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். இந்த வேலையில் மட்டும் அவர் வாய் மூடியிருக்கும். இரண்டு தண்டின் நுனியிலும் பல் வைத்த இரும்புச் சில்லு ஒவ்வொன்று. ஒரு கைப்பிடியைத் தள்ளினால் பல்லோடு பல் கோத்து எஞ்சினின் பலம் மெசினுக்குப் போகும். இழுத்தால் பிரியும், எஞ்சின் பாட்டுக்கு ஓடும், மெசின் நின்றுவிடும். கைப்பிடி எஞ்சின் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எஞ்சினோடு வந்த படத்திலேயே போட்டிருந்தது. மத்தியாஸுக்கும் அதுதான் பிடித்திருந்தது. எஞ்சின்காரர் கையில் இல்லாமல் வேறு யார் கையில் இருப்பது?

மறுபக்கத்தில் மெசினின் வாயில் பழம் தள்ளுகிறவள் மூக்காயி. அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு முன் அந்த இடத்தில் நின்றவள் பேச்சியம்மா. தண்ணீர்ச் சக்கரக் காலத்திலேயே, உள்ளே சுற்றும் செப்புப் பற்கள் பேச்சியம்மாவின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டன. அதன் பிறகு புல் வெட்டக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. மூக்காயி தினமும் அவளுக்குச் சோறு கொண்டு போய்க் கொடுக்கிறவள்.

மத்தியாஸ் கைப்பிடிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்காயி வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் பிடிய எங்க பக்கம் வைங்க."

"எதுக்கு?"

"கை மாட்டுனா நிப்பாட்டத்தான்."

மத்தியாஸ் சிரித்தார். "நீ ஒரு சத்தம் போடு தங்கச்சி. மறு நொடி நான் நிப்பாட்டிருவேன். எனக்குப் பாம்புக் காது."

"அப்ப ஓட்டிப் பாருங்க. நான் அங்கிட்டு நின்னு கத்துறேன்."

அவரும் விளையாட்டாக எஞ்சினை ஓட்டினார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. வெட்கப்படுகிறாள் போல என்று நினைத்தார். சுருட்டு பாதி எரிந்தபோது தற்செயலாகத் திரும்பினால் மூக்காயி முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.

"ஏன் கத்தல?" என்றார்.

"தொண்ட கிழியக் கத்திட்டுத்தாண்ணே வந்து நிக்கிறேன்."

மத்தியாஸுக்கு முகம் கறுத்துவிட்டது. காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. "எஞ்சின் புதுசு, சத்தம் கூட" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்றே சுவரில் இன்னொரு துளை போட்டார். நீளமான இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, கைப்பிடியை மூக்காயி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். துரை வந்து படத்தைக் காட்டிக் கேட்டபோது, கொழும்பில் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்று இங்கிலீசில் அடித்துவிட்டார். துரையோடு இங்கிலீசில் பேசுவதில் அவருக்குத் தனி ருசி. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் புரியாது என்பது அந்த ருசியில் பாதி.

எஞ்சின் நன்றாக ஓடியது. ஆனால் தினமும் காலையில் வேலை தொடங்கியவுடன் மூக்காயி ஒரு தடவை கைப்பிடியை இழுத்து மெசினை நிறுத்திவிடுவாள். முதல் நாள் மத்தியாஸ் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நிக்குதான்னு பாத்தேன்."

மறுநாளும் அதே பதில். துரை இதை அறிந்தபோது அவருக்குக் கோபம் வந்தது. இன்னொரு தடவை அவள் மெசினை நிறுத்தினால் கணக்கு முடித்து அவளுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்புவதாகவும், கைப்பிடியை அறுத்து எறிவதாகவும் பழனியாண்டிக் கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார். கங்காணி அதை ஆள் ஆளாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூக்காயி சோதித்துப் பார்ப்பதை விட்டாள். பழம் தள்ளும்போது கண்ணை மட்டும் கைப்பிடியில் வைத்திருந்தாள்.

பழம் மலைபோல் குவிந்த ஒரு நாள், மெசினின் சத்தம் மாறியது. கல் ஒன்று உள்ளே போயிருக்க வேண்டும். கொட்டையெல்லாம் நசுங்கி வந்தது. மத்தியாஸ் உலைக்கு விறகு போடும் நெருப்புக்காரனிடம் எஞ்சினைப் பார்க்கச் சொல்லிவிட்டு மூக்காயி பக்கம் வந்தார். மெசினை நிறுத்திவிட்டுக் கல்லை எடுப்பதுதான் முறை. பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆனால் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டவாண்ணே?" என்று கேட்டாள் மூக்காயி.

"இதுக்குப் போயா? தள்ளி நில்லு."

ஓடுகிற மெசினுக்குள் கையை விட்டார். கல் விரலில் தட்டுப்பட்டது. அதே நேரம் கோட்டுக் கையின் பித்தானைச் செப்புப் பற்கள் கவ்விக்கொண்டன. மத்தியாஸ் கத்தவில்லை; கத்தத் தோன்றவில்லை. தன் கை தன்னை விட்டுப் போவதை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூக்காயி கைப்பிடியில் உடம்பையே தொங்கவிட்டாள். சுவருக்கு அப்பால் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். மெசின் நின்றது. கோட்டு முழங்கை வரை கிழிந்து உள்ளே போயிருந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்து இரத்தம். விரல்கள் எல்லாம் இருந்தன. மத்தியாஸ் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாரத்தோடு பிரித்ததில் சில்லின் பல் ஒன்று உடைந்திருந்தது. இனி வேலை ஓடாது. குவிந்த பழம் கெட்டுப்போகும். துரை குதிரையில் வந்து இறங்கினார்.

"யார் நிறுத்தினது?" அவர் தமிழில் கேட்டார்.

கங்காணி மூக்காயியைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தான் செய்ததை அவள் சொல்லவில்லை. மத்தியாஸ் செய்ததையும் சொல்லவில்லை. மத்தியாஸ் எழுந்து, கிழிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இங்கிலீசில் மெதுவாக இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடலாம். கல் மாட்டியது, மட்டமான இரும்பு, இப்படி எதையாவது. மானம் தப்பும். ஆனால் இன்றைக்கே அவள் மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கும், கைப்பிடியும் போய்விடும். அடுத்து அங்கே வந்து நிற்கிறவளுக்கு எதுவுமே இருக்காது.

கையை முன்னால் கொண்டுவந்தார். தமிழில், கடைசியில் நின்ற பெண்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"பிழை என்னோடது துரை. ஓடுற மெசினுக்குள்ள நான்தான் முட்டாத்தனமாக் கைய விட்டேன். அவ நிப்பாட்டவான்னு கேட்டா, நான்தான் வேணாம்னேன். அந்தப் பிடி அவ பக்கம் இல்லாட்டி இந்தக் கை இந்நேரம் பழத்தோட கிடக்கும்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். துரை கையைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார். "கைப்பிடி இருக்கட்டும். பொம்பளையும் இருக்கட்டும்" என்றார். "மெசினுக்குள்ள கை விடுற எஞ்சின்காரன் எனக்கு வேணாம். பல்லைச் சரிபண்ணிட்டுப் போ."

மத்தியாஸ் உடைந்த பல்லின் இடத்தில் புது இரும்புத் துண்டு பொருத்தி, அரத்தால் ராவிப் பல்லாக்கினார். மறுபடி நூல் பிடித்துத் தண்டுகளை நேராக்கினார். புறப்படும்போது மூக்காயி வந்தாள். நன்றி சொல்ல மத்தியாஸுக்குத் தெரியவில்லை, பழக்கமில்லாத வேலை.

"கை எப்புடிண்ணே?"

"இருக்கு."

"சரிண்ணே. போயிட்டு வாங்க."

வண்டிக்காரர்கள் கதையை அவருக்கு முன்னாலேயே கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கடைவீதியில், கள்ளுத் தவறணையில், மாதா கோயில் வாசலில்கூட அதுதான் பேச்சு. ஒரு வருசத்துக்குமேல் மத்தியாஸ் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. வேலையும் குறைந்தது. பிறகு கதையில் அவர் பெயர் மெல்ல உதிர்ந்துபோய், யாரோ ஒரு முட்டாள் எஞ்சின்காரன் என்று மட்டும் மிஞ்சியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அந்த நேரத்தில் வத்தேகமப் பக்கத் தோட்டமொன்றில் எஞ்சின் பொருத்தக் கூப்பிட்டார்கள். அங்கே முதல் காரியமாக, பழம் தள்ளுகிற பெண்ணைக் கூப்பிட்டு அவள் இடத்தில் நிற்கச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி, அவள் விரல் எட்டிய இடத்தில் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். அந்தத் தோட்டத்துத் துரை இளம் ஆள். படத்தில் இல்லாத இடத்தில் எதற்குக் கைப்பிடி, இதில் உனக்கு என்ன தெரியும் என்று இங்கிலீசில் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியாது.

"புசல்லாவையில ஓடுற மெசினுக்குள்ள கைய விட்ட முட்டாள் எஞ்சின்காரனப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க துரை" என்றார் மத்தியாஸ், தமிழில். "அது நான்தான்."