எதிர்வாட்டம் என்றொரு பெயர்

"எதிர்வாட்டம் போயிருச்சுண்ணே" என்று போனில் சொன்னான் முருகன், எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவன். மறையூர் பஸ்ஸுக்குள் இருந்தேன். யார் என்று கேட்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் பேச்சியம்மாள் என்று நாலைந்து பேர் உண்டு, எதிர்வாட்டம் என்றால் பேச்சியக்கா ஒருவர்தான். செத்த பிறகும் அந்தப் பெயர்தானா?

அது தச்சுப் பட்டறைச் சொல். மரத்தில் நார் ஓடும் போக்கை வாட்டம் என்போம். அதற்கு எதிராக இழைப்புளியைத் தள்ளினால் பலகை வழவழப்பாகாது; சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்து நிற்கும். பட்டறையில் கிடந்த சொல்லை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

லயத்துக் கூரை வேலை திருப்தி என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட கூட்டம், இதைப் படிக்கிற லயத்துக்காரர்கள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். பேச்சியக்கா மட்டும் போடவில்லை.

"என் தலைக்கு மேல இருக்கது உளுத்த சட்டம். நல்லாருக்குன்னு எப்படிய்யா எழுதிக் குடுப்பேன்? மாட்டினவன் இந்தா நிக்கான். நீயே சொல்லு தம்பி."

உளுத்ததுதான். சூப்பர்வைசர் பழையதையே போடச் சொன்னார், போட்டேன். வேலை போய்விடுமே என்று பயம். "அக்கா எதுலயும் எதிர்வாட்டம்தான!" என்றேன். கூட்டமே சிரித்தது. பாவி, நானும் சிரித்தேன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. வீடு ஒழுகுது என்று அக்கா ஆபீசுக்குப் போனால், "எதிர்வாட்டத்துக்கு இதே பொழப்பு" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு மற்ற வீடுகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. அக்கா வீட்டுக்குக் கடைசிவரை நீலத் தார்ப்பாய்தான். மழைக்காலம் முழுக்கக் கட்டிலை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அரிவாள் பிடி மாட்டப் பட்டறைக்கு வந்தார். நான் இழைத்த பலகை பிய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படிக் கெளம்புது?"

"எதிர்வாட்டம்க்கா. பலகையத் திருப்பிப் போட்டு இழைக்கணும்."

பிய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப பலகை மேல தப்பில்ல. இழைக்கவன்தான் எதிரா நிக்கான். இத அன்னைக்குக் கூட்டத்துல சொல்லிருக்கலாம்லா தம்பி?"

கோபமே இல்லாமல் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிடியை மாட்டிக் கொடுத்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடத்தியிருந்தார்கள். வாசலில் யாரோ "எதிர்வாட்டம் வீடு இதுதான்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, எங்கம்மாவுக்கு இந்தப் பேர யாரு வச்சா?"

"தெரியல தாயி" என்றேன். அக்காவின் பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதையும் சொன்னேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பட்டறைக் கேள்விதான். உங்கள் எல்லார் முன்னாலும் பதில் எழுதுகிறேன். சட்டம் உளுத்தது. உங்கம்மா சொன்னது நிஜம். அந்தப் பேரை வைத்தவன் நான்தான், செல்வி.