மரணச் சான்றிதழில் என் முகம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் முக்கியமான கடதாசிகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். என் குடியுரிமைச் சான்றிதழும் காலமான கணவரின் மரணச் சான்றிதழும் அதில் முகத்தோடு முகம் கிடந்தன.

போன மழையில் கூரை ஒழுகி அலுமாரி நனைந்தது; உறைக்குள்ளும் ஈரம் இறங்கிவிட்டது. பிறகு கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க உறையைத் திறந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பொறுமையில்லாமல் இழுத்துவிட்டேன். என் சான்றிதழில் படம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. படம் கணவரின் மரணச் சான்றிதழில், அவர் பெயருக்கு மேல் ஒட்டியிருந்தது. என் இளவயது முகம் அங்கிருந்து என்னையே பார்த்தது.

சுரண்டப் போனேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா. அப்பா புடிச்சி வச்சிருக்கிற மாதிரி இருக்கு.”

குடியுரிமை அலுவலகத்தில் உத்தியோகத்தர் இரண்டு கடதாசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நோனா, இதுல செத்தது யாரு?”

“அவருதாங்க. நான் உயிரோடதான் இருக்கேன்” என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை.

நல்லவேளை, அவர்களிடம் பதிவு இருந்தது. என் சான்றிதழுக்கு அத்தாட்சிப் பிரதி கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு கடதாசிக்கும் தனி உறை. ஒட்டிப்போனதை நீங்களும் இழுக்காதீர்கள். அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். மழை விட்டதும் எல்லாவற்றையும் காற்றாட விரித்து வைக்கிறேன். என் முகம் ஒட்டியிருக்கும் கணவரின் சான்றிதழை மட்டும் குப்புறப் போடுகிறேன்.