ஆடாத கல்

சின்னாற்றில் கால் கழுவக் குனிந்தபோதுதான் அந்தக் கருங்கல் கண்ணில் பட்டது. இரண்டு கையிலும் அடங்கும் அளவு. தூக்கிப் பார்த்தால், எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும் வத்தல்மலையின் அதே முதுகு! நடுவே ஒரு வெள்ளைக் கோடு அருவி மாதிரி இறங்கியது. ஜப்பானில் இப்படிப்பட்ட கற்களை மரப்பீடத்தில் வைத்து, மலையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். நாமும் செய்தால் என்ன? வீடு வந்து சேர்வதற்குள் என் தலைக்குள் கண்காட்சியே நடந்து முடிந்துவிட்டது.

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை எடுத்தேன். வீடியோவில் சொன்ன விதி இதுதான்: ஆசிட் கூடாது, பாலிஷ் கூடாது, கல்லை வெட்டவே கூடாது. கல் எப்படிக் கோணியிருக்கிறதோ அப்படியே மரத்தைத்தான் குடைய வேண்டும். எண்ணெயில் குழைத்த குங்குமத்தைக் கல்லின் அடியில் தடவி, வேப்பம்பலகையில் வைத்து எடுப்பேன். சிவப்பு ஒட்டிய இடத்தை உளியால் செதுக்குவேன். மறுபடி தடவு, வை, செதுக்கு. கல் ஆடிக்கொண்டே இருந்தது.

"கல்லுக்கும் பொட்டு, பலகைக்கும் பொட்டு. அப்பிடியே ஒரு தேங்காயும் ஒடச்சிரு" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. நான் படும் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் பெங்களூரில் கல் சேர்ப்பவர்கள் நடத்தும் கண்காட்சிக்குப் படம் அனுப்பியிருந்தேன். கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அடிப்பாகம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துள்ளிக் குதித்துக்கொண்டு உப்புத்தாள் வாங்கத் தர்மபுரிக்கு ஓடினேன். கடை கடையாக அலைந்து சாயங்காலம் திரும்பி வந்தால், கல் மேசைமேல் அசையாமல் நின்றது.

"ஆட்டிப் பாரு கண்ணு" என்றார் அப்பா. "காரிமங்கலத்துல நம்ம கூட்டாளி கிரானைட் பட்டறை வெச்சிருக்கான்ல? மிசின்ல குடுத்தேன். வெண்ணெயாட்டம் அறுத்துட்டான். பாலிசும் அவனே போட்டுட்டான்."

புரட்டிப் பார்த்தேன். அடிப்பாகம் சமையல் மேடை மாதிரி மின்னியது. அதில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஊரைச் சுற்றிக் கல் அறுக்கும் பட்டறைகள். ஆடுகிற கல்லை விட்டுவிட்டு மரத்தைக் குடைவார்கள் என்று இங்கே யாருக்குத் தோன்றும்?

"ஏன், நல்லா இல்லியா?"

"சூப்பரா இருக்குப்பா."

அம்மா என் முகத்தைப் படித்துவிட்டாள். "பஸ்ஸுல மடியிலயே வெச்சிட்டு வந்தாராம், கொழந்தையாட்டம்" என்றாள். எனக்கான எச்சரிக்கை அது.

அறுத்ததை ஒட்ட முடியாது. அவரைத் திட்டவும் முடியாது. வரவில்லை என்று பெங்களூருக்கு எழுதி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால், "கண்காட்சிக்கு நானும் வரேன் கண்ணு, லீவு சொல்லிட்டேன்" என்கிறார். வெள்ளைச் சட்டையை வேறு இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

வாய் திறந்தால் அழுகைதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு கல் தேட அவரையும் தொப்பையாற்றுக்குக் கூட்டிப் போகிறேன். வண்டியை நான் ஓட்டுவேன், அவர் பின்னால் இருப்பார். முகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும்.