இராசநாயகம் அண்ணையின் நான்கு ஆணிகள்

செய்தி வந்தபோது என் வாயில் பல் இல்லை. விடிய ஆறு மணியிருக்கும், கிணற்றடியில் நின்று என் கட்டுப்பல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் இராசநாயகம் அண்ணையின் மகன் சுதன். "மாமா, அப்பா மோசம் போயிட்டார். நித்திரையிலேயே உயிர் போயிட்டுது" என்றான். நான் பொக்கை வாயால் எதையோ சொன்னேன். அவனுக்கு அது விளங்கியிராது. எனக்கே விளங்கவில்லை. பல்லைப் போட்டுக்கொண்டு திரும்ப அழைத்துக் கதைத்தேன்.

கோப்பாயில் எங்கள் முருகன் கோயிலுக்கு வந்துபோன எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். பகல் முழுக்க வெங்காயத் தோட்டத்தில் நிற்பார். பின்னேரம் குளித்து, திருநீறு பூசி, புராணப் படிப்புக்கு வந்து உட்கார்ந்தால் அவர் வேறு மனிதர். அவர் ஒரு பாட்டை ராகத்தோடு படித்து நிறுத்துவார். பக்கத்தில் இருக்கும் நான் அதற்குப் பயன் சொல்லுவேன், அதாவது பொருள் விரிப்பேன். தபாற்கந்தோர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுமுன்பே தொடங்கிய சோடி இது. அவர் சொல்லைப் பிரித்துப் படிக்கிற அழகில் பாதிப் பயன் அங்கேயே வந்துவிடும். மீதியைத்தான் நான் சொல்லிப் பெயர் வாங்கினேன்.

அறுபத்தைந்து வயதளவில் அவருடைய மேல்வாய்ப் பற்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று முடிந்தன. றகரமும் ழகரமும் காற்றாய்ப் போயின. மனிதர் படிக்க வரமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டார். போய்ப் பேசி மாற்றியவன் நான்தான்.

"அண்ணை, ஏன் உந்த யோசினை? என்னைப் போலக் கட்டுப்பல்லைக் கட்டுங்கோ. நாலு தரம் போய்வந்தால் அலுவல் முடிஞ்சுது. என்ரை பல்லுப் பொய்ப்பல்லெண்டு ஆராவது சொல்லுவினமோ?"

"படிக்கேக்குள்ளை ஆடாதோ?"

"ஒரு நாளும் ஆடாது."

கட்டினார். நன்றாகத்தான் இருந்தது, கந்தசட்டி வரும்வரை. அந்த ஆறு நாளும் அவர் பிடிக்கிற விரதம் சும்மா விரதமில்லை. காலையிலிருந்து பின்னேரப் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரும் நாவில் படாது. பக்கத்தில் உட்கார்ந்து பயன் சொல்லுகிற நானும் விரதம் என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படியே நெற்றி நிறையப் பூசிக்கொண்டு போவேன். ஆனால் வீட்டிலிருந்து இறங்குமுன் குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி ஒரு தேத்தண்ணி குடிப்பேன். இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

நான்காம் நாள், சனம் நிறைந்திருக்க, ஒரு பாட்டின் நடுவில் அவருடைய கட்டுப்பல் தட்டு டக்கென்று இறங்கியது. கையால் தள்ளி ஏற்றினார். அடுத்த அடியில் திரும்பவும் இறங்கியது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஏட்டை மூடிக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் அவர் படிக்காத பாட்டுக்கும் சேர்த்துப் பயன் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பல் ஆடவேயில்லை.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் அவரைக் கண்டேன். மண்ணைப் பார்த்தபடி கேட்டார்: "தம்பி, ஒண்டு கேக்கிறன். நானும் விரதம், நீரும் விரதம். உம்மடை பல்லு மட்டும் என்னெண்டு நிக்குது?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. "ஒவ்வொருத்தற்றை பல்முரசைப் பொறுத்தது அண்ணை. என்ரை நல்ல முரசு" என்று என் ஈறைப் புகழ்ந்தேன். அவர் தலையாட்டினார்.

பிறகு யாழ்ப்பாண நகரில் ஒரு பல் வைத்தியரிடம் போனோம். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். "ஐயா, தட்டு எச்சிலிலைதான் ஒட்டி நிக்கிறது. வாய் காஞ்சால் இறங்கத்தான் செய்யும். இடைக்கிடை ஒரு மிடறு தண்ணி குடிச்சால் காணும்" என்றார்.

"நாங்கள் ரெண்டுபேரும் விரதகாரர், அது சரிவராது பிள்ளை" என்றார் அண்ணை.

"அப்ப தாடை எலும்புக்குள்ளை ஆணி வைச்சுப் பல்லைப் பூட்டவேணும். தட்டெண்டால் கெதியிலை செய்து முடிக்கலாம், வாயை வெட்டத் தேவையில்லை, கழட்டிக் கழுவலாம். ஆனால் முரசு வரவரத் தேயும், தட்டுத் தளரும். ஆணி, எலும்போடை பிடிச்சால் அசையாது. பிடிக்க மாசக்கணக்காகும். சிலது பிடியாமலும் போகும். ஆருக்கு எது நல்லதெண்டு வாயைப் பாத்துத்தான் சொல்லலாம்." இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பியது. "ஐயாவும் பல்லுக் கட்டியிருக்கிறியள் போலை. விரதத்துக்கு உங்களுக்கும் இறங்கியிருக்கவேணுமே?"

அண்ணை முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார்: "தம்பியின்ரை முரசு நல்ல முரசாம்."

நான்கு ஆணி வைத்தார்கள். முகம் வீங்கி, கஞ்சியும் கூழுமாய்க் கிடந்தார். ஒன்று பிடிக்கவில்லை. அதைக் கழற்றி, எலும்பு ஆறும்வரை பொறுத்து, திரும்ப வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் அவரோடு பஸ்ஸில் போனேன். அவர் வலியென்று முனகும்போதெல்லாம் குசினித் தேத்தண்ணி எனக்கு நெஞ்சுக்குள் கசந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மனிதர் ஒரு மிடறு தண்ணீருக்காவது சம்மதித்திருப்பாரோ? தெரியாது. அடுத்த வருடக் கந்தசட்டிக்கு வேறொருவர் படித்தார். என் பயனில் உப்புமில்லை, புளியுமில்லை.

பற்களைப் பூட்டி வந்த நாள், வீட்டுக்கு வரச்சொல்லி எனக்கு முன்னால் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "மேலண்ணத்திலை உறைக்குது தம்பி. அந்தத் தட்டு மூடியிருந்ததிலை உறைப்பே தெரியேல்லை." பிறகு ஒரு பேணி கச்சானை, அதாவது வறுத்த நிலக்கடலையை, எடுத்து ஒவ்வொன்றாகக் கடித்தார். எனக்கும் நீட்டினார், வேண்டுமென்றேதான். "உம்மடை பல்லு இரவிலை தண்ணியிலை படுக்குது. என்ரை பல்லு என்னோடை படுக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பின் அவர் படித்த ஒவ்வொரு சட்டியும் எனக்குத் திருவிழா. ஆனால் தேத்தண்ணியை மட்டும் நான் விடவில்லை.

காடாற்றுக்கு நானும் போனேன். பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது, சவப்பெட்டி ஆணிகளுக்கு நடுவே சுதன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "மாமா, இதிலை திருகுப் புரி இருக்கு. இது பெட்டியின்ரை ஆணியில்லை." நான் வாங்கிப் பார்த்தேன். சின்ன விரல் நகத்தளவுகூட இல்லை. கறுத்திருந்தது, உருகவில்லை. சாம்பலைக் கிளறி நான்கையும் கண்டுபிடித்தோம். ஐயரைக் கேட்டோம். "பல்லும் எலும்புதானே, அஸ்தி முட்டிக்குள்ளை போடுங்கோ" என்றார். மூன்றைப் போட்டோம். அவை கீரிமலைக் கடலுக்குப் போயின. ஒன்றை நான் கேட்டு வாங்கினேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கன்று, சனம் கலைந்த பிறகு, பூமணி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனிடம் சொல்லாததை அவர் மனைவியிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அவருக்குத் தெரியும் தம்பி. முதல் வருசமே தெரியும். பக்கத்திலை இருக்கேக்குள்ளை தேயிலை மணக்குதெண்டு சொல்லுவார். நான் கேட்டன், ஏன் சொல்லாமல் இருக்கிறியள் எண்டு. 'பயன் சொல்லுறவனுக்குத் தொண்டை காயக்கூடாது, விடும்' எண்டார்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த ஆணி என் கட்டிலோரம், பல்லுப் போட்டு வைக்கிற கிளாசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை வாசிக்கிற உறவுகளே, வருகிற கந்தசட்டிக்கு நான் தேத்தண்ணி குடியாமல் வந்து உட்காருவேன். வாய் காயும். பல் இறங்கும், அதில் சந்தேகமில்லை. பிள்ளைகள் சிரிக்கட்டும். நான் கையால் தள்ளி ஏற்றிவிட்டு, பயனைச் சொல்லி முடிப்பேன்.